புரோட்டான் எங்கே உட்காருகிறது? ஃபீனாலின் ஆக்சிஜனேற்றத்தில் அமிலம் செய்யும் வேலை

கேள்வி: காரைக்குடியில் முதுகலை வேதியியல் படிக்கிறேன். ஃபீனாலைப் பொட்டாசியம் பெர்ரிசயனைடு கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்தால் காரத்தில் நன்றாக நடக்கிறது. அமிலத்தில் அசைவே இல்லை. டைகுரோமேட்டை எடுத்தால் நேர்மாறு, அமிலம் கூடக் கூட வேகம் கூடுகிறது. ஃபீனால் ஒன்றுதான், போக்கு மட்டும் ஏன் இரண்டு? புராஜெக்டில் இதை எப்படி அளப்பது? வீட்டில் வாழைப்பூவை நறுக்கி மோரில் போடுகிறார்களே, அதுவும் இதே வேதியியல்தானா?

பதில்:

"அமிலம் இந்த வினையைக் கூட்டுமா, குறைக்குமா?" என்று கேட்டால் விடை கிடைக்காது. "இந்தக் கரைசலில் புரோட்டான் யார் மேல் போய் உட்காருகிறது?" என்று கேளுங்கள். ஃபீனால் மேலா, உலோகத்தோடு ஒட்டிய ஆக்சிஜன் மேலா, உலோகத்தைப் பிடித்திருக்கும் ஈனி மேலா, உலோகத்தைச் சுற்றிய தண்ணீர் மேலா? ஒவ்வொரு இடத்துக்கும் விளைவு வேறு. உங்கள் இரண்டு சோதனைகளிலும் ஃபீனாலுக்கு நேர்வது ஒன்றேதான். மாறுவது எதிரில் நிற்கும் உலோக அணைவு.

முதலில் ஃபீனால் பக்கம். சாதாரண ஃபீனாலின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை விட்டிருக்கும் பிஎச்) 10. பிஎச் 7-இல் ஆயிரத்தில் ஒரு மூலக்கூறுதான் புரோட்டானை இழந்த ஃபீனாக்சைடாக இருக்கும். பிஎச் 3-இல் கோடியில் ஒன்று. ஃபீனாக்சைடிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க நியம ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டு ஏறக்குறைய 0.79 வோல்ட் போதும். புரோட்டானோடு கூடிய ஃபீனாலிலிருந்து எலக்ட்ரானை மட்டும் தனியே எடுக்க வேண்டுமென்றால் 1.5 வோல்ட் வேண்டும். காரணம், எலக்ட்ரான் போனதும் மிஞ்சும் நேரயனி மிகக் கடுமையான அமிலம். அதன் பிகேஏ ஏறத்தாழ −2. ஆக்சிஜன்மேல் இருக்கும் புரோட்டானை அது ஒரு கணமும் வைத்திருக்க விரும்பாது. எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்தே போகும் வழியில் பார்த்தால் பிஎச் 0-இல் 1.38 வோல்ட். பிஎச் ஒரு அலகு ஏற ஏற 59 மில்லிவோல்ட் இறங்கி, பிஎச் 7-இல் 0.97 வோல்ட், பிஎச் 10-இல் 0.79 வோல்ட். அதற்கு மேல் காரம் சேர்த்தாலும் இறக்கம் இல்லை, ஏனென்றால் பிரிய வேண்டிய புரோட்டான் ஏற்கெனவே பிரிந்துவிட்டது. ஆக, அமிலம் ஃபீனாலை எப்போதும் காப்பாற்றவே செய்கிறது. இதில் விதிவிலக்கு கிடையாது.

இப்போது பெர்ரிசயனைடு. காரத்திலும் நடுநிலையிலும் அதன் மின்னழுத்தம் 0.36 வோல்ட், அயனிவலிமை (கரைசலில் உள்ள உப்பின் அளவு) கூடினால் 0.42 வரை போகும். ஃபீனாக்சைடின் 0.79-ஐ நோக்கினால் காரத்திலேயே இது 0.4 வோல்ட் மேடு ஏற வேண்டிய வினை. முதல் எலக்ட்ரான் தாவலின் சமநிலை மாறிலி 10⁻⁷ அளவில்தான் இருக்கும். இருந்தும் வினை நடப்பதற்குக் காரணம், உண்டாகும் ஃபீனாக்சில் தனி உறுப்புகள் (எலக்ட்ரானை இழந்த ஃபீனாக்சைடுகள்) ஒன்றோடொன்று மிக வேகமாக இணைந்துவிடுவது. இணைந்த பிறகு திரும்பி வர வழியில்லை, மேட்டில் ஏறியது ஏறியதுதான்.

அமிலத்தில் பெர்ரிசயனைடும் பலம் பெறுகிறது. வினையில் உண்டாகும் பெர்ரோசயனைடின் நைட்ரஜன் முனைகளில் புரோட்டான் உட்காருகிறது (பிகேஏ 4-க்கு அருகில் ஒன்று, 2-க்கு அருகில் இன்னொன்று), அதனால் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மின்னழுத்தம் 0.71 வோல்ட் வரை ஏறும். ஆக்சிஜனேற்றிக்கு 0.3 வோல்ட் லாபம். ஆனால் அதே அமிலத்தில் ஃபீனால் 0.79-இலிருந்து 1.38-க்குப் போய்விட்டது, அதற்குக் கிடைத்த பாதுகாப்பு 0.6 வோல்ட். இடைவெளி 0.4-இலிருந்து 0.67 ஆக விரிகிறது. நீங்கள் பார்த்த "அசைவே இல்லை" என்பதன் கணக்கு இவ்வளவுதான்: இருவரும் ஓடுகிறார்கள், ஃபீனால் கூடுதலாக ஓடுகிறது.

டைகுரோமேட்டில் ஓட்டத்தின் முடிவு மாறுகிறது. குரோமியத்தைச் சுற்றி ஆக்சிஜன்கள் இருக்கின்றன. மூன்றிணைதிறன் நிலைக்கு இறங்க அவை தண்ணீராக வெளியேற வேண்டும், அதற்கு 6 எலக்ட்ரானுக்கு 14 புரோட்டான் வேண்டும். பிஎச் ஓர் அலகு இறங்கினால் 138 மில்லிவோல்ட் லாபம். ஃபீனாலுக்கு அதே அலகில் 59 மட்டும். எனவே அமிலம் கூடும்போது ஆக்சிஜனேற்றி முந்திக்கொள்கிறது. வேகத்துக்கும் தனிக் காரணம் உண்டு. பிஎச் 6.5-க்கு மேலே இருப்பது மஞ்சள் குரோமேட்டு, அது மந்தம். கீழே வந்தால் ஒரு புரோட்டான் ஏற்ற அமில குரோமேட்டு. அது ஃபீனாலின் ஹைட்ராக்சிலோடு எஸ்டர் கட்டிக்கொண்டு, இன்னொரு புரோட்டான் துணையோடு உடைகிறது. ஆகவே வேக விதியில் அமிலச் செறிவு முதற்படியாகவோ அதற்கு மேலோ வரும். மாங்கனீசு டைஆக்சைடும் இதே குடும்பம்: 2 எலக்ட்ரானுக்கு 4 புரோட்டான், அலகுக்கு 118 மில்லிவோல்ட், அமிலத்தில் வேகம். உலோகத்தின்மேல் இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் இருக்கும் இரும்பு(4) அணைவுகளையும் இங்கேயே சேர்க்கலாம். அசிட்டோநைட்ரைலில் வலிய அமிலம் ஒன்றைச் சேர்த்தால் அவற்றின் மின்னழுத்தம் ஏறி, ஹைட்ரஜன் அணுவைப் பறித்தவை எலக்ட்ரானைப் பறிக்கும் வழிக்கு மாறிவிடுகின்றன.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் புராஜெக்டில் கை வைக்க வேண்டாம். மூன்று பைபிரிடீன் சுமந்த ருத்தேனியம்(3) (1.26 வோல்ட்), ஹெக்சாகுளோரோ இரிடியம்(4) (ஏறக்குறைய 0.9 வோல்ட்), மூன்று ஃபினாந்த்ரோலின் சுமந்த இரும்பு(3) (1.06 வோல்ட்) ஆகியவற்றில் புரோட்டான் உட்கார இடமே கிடையாது. மின்னழுத்தம் அமிலத்தால் அசையாது. இவற்றோடு பார்க்கும் பிஎச் விளைவு முழுக்க ஃபீனாலுடையது. ஆகவே பாடம் கற்க இவையே சிறந்தவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ருத்தேனியம்(3) அணைவும் இரிடியம்(4) அணைவும் காரத்தில் தாமே சிதையும். ஃபினாந்த்ரோலின் இரும்பு அமிலத்தில் மெல்ல ஈனிகளை உதிர்க்கும். விடுபட்ட ஃபினாந்த்ரோலின்மேல் புரோட்டான் ஏறிவிடுவதால் அது திரும்பி வந்து ஒட்டாது. கரைசலை அன்றன்றே தயாரியுங்கள்.

இப்போது வேக விதியைப் படிப்பது. வேக மாறிலியின் லாகை எடுத்து பிஎச்-க்கு எதிராக வரையுங்கள். சரிவு +1 ஆகப் போய் ஃபீனாலின் பிகேஏ-யில் தட்டையானால் ஃபீனாக்சைடுதான் வினைபுரிகிறது. கீழ் பிஎச்-இல் சரிவு 0 என்ற ஒரு தளம் தெரிந்தால், புரோட்டானோடு கூடிய ஃபீனாலே தண்ணீரிடம் புரோட்டானைக் கொடுத்தபடி எலக்ட்ரானையும் கொடுக்கிறது. −1 அல்லது −2 வந்தால் புரோட்டான் ஆக்சிஜனேற்றியின் மேல். நடுவில் மேடு கட்டி இருபுறமும் இறங்கினால் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. ஃபீனாக்சைடின் பங்கு கோடியில் ஒன்று என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள்: பிஎச் 3-இல் பங்கு 10⁻⁷, அதன் வேக மாறிலி 10⁹ என்றால் பெருக்கல் 100. புரோட்டானோடு கூடிய ஃபீனாலின் மாறிலி 1 என்றால், 100-இல் 99 பங்கு வினை கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடியில் ஒருவன் வழியாகத்தான் நடக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நிறைய ஆய்வேடுகள் இங்கேதான் சறுக்குகின்றன. நீர்சூழ் பெர்ரிக் அயனியை, அதாவது இரும்பு(3)-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் தண்ணீரில் ஒன்று பிகேஏ 2.2-இல் புரோட்டானை விட்டு ஹைட்ராக்சோ அணைவாகிறது. அமிலம் குறையும்போது வேகம் கூடினால் அதற்கு இரண்டு விளக்கம் தரலாம்: பெர்ரிக் அயனியும் ஃபீனாக்சைடும் வினைபுரிகின்றன என்பது ஒன்று; ஹைட்ராக்சோ அணைவும் முழு ஃபீனாலும் வினைபுரிகின்றன என்பது மற்றொன்று. இரண்டிலும் மொத்தத்தில் ஒரு புரோட்டான் குறைவு, ஆகவே வேக விதி எழுத்துக்கு எழுத்து ஒன்றே. வரைபடத்தைப் பார்த்து எது என்று சொல்லவே முடியாது.

பிரித்தறிய ஒரு எளிய கணக்கு உண்டு. இரண்டாம்படி மாறிலியை, அமிலச் செறிவின் தலைகீழுக்கு எதிராக வரைந்து சரிவை எடுங்கள். எடுத்துக்காட்டுக்குச் சரிவு 0.02 வினாடி⁻¹ என்று வைப்போம். ஃபீனாக்சைடு வழியென்றால் 0.02-ஐ 10⁻¹⁰-ஆல் வகுக்க வேண்டும்: 2×10⁸. நடக்கக்கூடியதுதான். ஹைட்ராக்சோ வழியென்றால் 6.3×10⁻³-ஆல் வகுக்க: ஏறக்குறைய 3. அதுவும் நடக்கலாம். சரிவு 5 என்று வந்திருந்தால் முதல் வழிக்கு 5×10¹⁰ தேவைப்படும். தண்ணீரில் இரண்டு மூலக்கூறுகள் ஊடுருவிச் சந்திக்கும் வேகமே 10⁹ முதல் 10¹⁰ வரைதான், ஆகவே அந்த வழி அடைபடுகிறது. இரும்பில் இரண்டாம் வழிக்குக் கூடுதல் சான்றும் இருக்கிறது. ஆறு நீர் சூழ்ந்த பெர்ரிக் அயனி வினாடிக்கு ஏறக்குறைய 160 தடவைதான் தண்ணீரை மாற்றுகிறது. ஹைட்ராக்சோ அணைவு 1.2×10⁵ தடவை. ஃபீனால் உள்ளே நுழைந்து உலோகத்தோடு ஒட்டும் வழியில் ஹைட்ராக்சோ அணைவுக்கே வாசல் திறந்திருக்கிறது.

புரோட்டான் எப்போது போகிறது என்பதைக் கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீர்) சோதிக்கலாம். வேகம் 2 மடங்கோ அதற்கு மேலோ குறைந்தால் எலக்ட்ரானும் புரோட்டானும் ஒரே அடியில் போகின்றன என்று சந்தேகிக்க இடமுண்டு. இங்கே இரண்டு திருத்தம் கட்டாயம்: கண்ணாடி மின்முனை காட்டும் எண்ணோடு 0.4 கூட்டினால்தான் கனநீரின் உண்மை அளவு. ஃபீனாலின் பிகேஏ-யும் கனநீரில் அரை அலகு போல ஏறிவிடும். இதை மறந்தால் ஃபீனாக்சைடு குறைந்ததையே ஐசோடோப்பு விளைவு என்று எழுதிவிடுவோம்.

சோதனைக்கு வருவோம். பெர்ரிசயனைடே புராஜெக்டுக்குத் தோதானது: மலிவு, 420 நானோமீட்டரில் தெளிவாகத் தெரியும், மோலார் உறிஞ்சல் ஏறக்குறைய 1,020; அந்த இடத்தில் பெர்ரோசயனைடு கிட்டத்தட்ட நிறமற்றது. 0.1646 கிராமை 100 மில்லிலிட்டரில் கரைத்தால் 5×10⁻³ மோலார். வினைக்கலவையில் பத்தில் ஒன்றாக நீர்த்துப்போய் 5×10⁻⁴ ஆகும். 1 சென்டிமீட்டர் குவெட்டில் தொடக்க உறிஞ்சல் 0.5. ஃபீனால் 20 மடங்கு, அதாவது 0.01 மோலார். கரைசலைப் பழுப்புப் புட்டியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் சிதையும். ஃபீனால் படிகம் இளஞ்சிவப்பாக இருந்தால் ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் ஆகியிருக்கிறது, காய்ச்சி வடித்து எடுங்கள். வெறும் ஃபீனாலைவிட 4-மெத்தாக்சிஃபீனால் நல்ல தொடக்கம்: அதன் ஃபீனாக்சைடுக்கு 0.54 வோல்ட்தான் தேவை, மேடு சிறியது, வேகம் அளக்க வசதி.

பதிலீடுகளை ஒப்பிடும்போது கவனம். 4-நைட்ரோஃபீனாலின் பிகேஏ 7.15, ஆகவே பிஎச் 8-இல் பெரும்பகுதி ஃபீனாக்சைடுதான். "ஃபீனாக்சைடு நிறைய, வேகமும் நிறைய" என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். அந்த ஃபீனாக்சைடிலிருந்து எலக்ட்ரானை எடுக்க 1.23 வோல்ட் வேண்டும். அளவு கூடியது, கொடுக்கும் மனது குறைந்தது. எனவே ஒரே பிஎச்-இல் எடுத்த வேகங்களை அப்படியே ஹாமெட் வரைபடத்தில் (பதிலீடு வேகத்தை எப்படி மாற்றுகிறது என்று காட்டுவது) போடக் கூடாது. ஒவ்வொன்றின் ஃபீனாக்சைடுப் பங்காலும் வகுத்த பிறகு போடுங்கள்.

இந்தச் சோதனையில் கெட்டுப்போகும் இடங்களை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிஎச் விளைவு என்று அச்சேறியவற்றில் சில பிஎச் விளைவே அல்ல.

முதலாவது அயனிவலிமை. பெர்ரிசயனைடு மூன்று எதிர்மின்சுமை, ஃபீனாக்சைடு ஒன்று. ஒன்றையொன்று தள்ளுகின்றன, உப்பு சேர்ந்தால் தள்ளல் தணிந்து வேகம் கூடும். அயனிவலிமை 0.01-இலிருந்து 0.1-க்குப் போனாலே கணக்கின்படி ஏறக்குறைய 3 மடங்கு. 0.01 மோலார் எரிசோடாவிலும் 0.1 மோலார் எரிசோடாவிலும் அளந்துவிட்டு "காரத்தால் 3 மடங்கு கூடியது" என்று எழுதினால் நீங்கள் அளந்தது உப்பை. எல்லாக் குடுவையிலும் பொட்டாசியம் நைட்ரேட்டோ சோடியம் குளோரைடோ இட்டு மொத்தத்தை 0.5 மோலாரில் நிறுத்துங்கள்.

இரண்டாவது, முதற்படிக் கோடு வளைவது. முதல் தாவல் மீள்வினை என்றேன் அல்லவா? சேரும் பெர்ரோசயனைடு அதைப் பின்னுக்குத் தள்ளும். தொடக்கத்தில் நேராகப் போகும் லாக் கோடு போகப் போகத் தொய்கிறது. இது கருவிக் கோளாறு அல்ல, வினையின் இயல்பு. சோதிக்க, தொடக்கத்திலேயே 1×10⁻³ மோலார் பெர்ரோசயனைடு சேர்த்துப் பாருங்கள். வேகம் விழுந்தால் உறுதி. அந்த எல்லையில் வேகம் பெர்ரிசயனைடின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் பெர்ரோசயனைடின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் போகும். இருமடிக் கணக்கில் வரையுங்கள். அல்லது முதல் 5 சதவீத மாற்றத்தில் தொடக்க வேகத்தை மட்டும் எடுங்கள். விளைபொருள்கள் 400 நானோமீட்டரை ஒட்டி மஞ்சளாகவும் பழுப்பாகவும் உறிஞ்சும் என்பதாலும் தொடக்க வேகமே பாதுகாப்பு.

மூன்றாவது தாங்கல் கரைசல். இது சும்மா நின்று பிஎச்-ஐக் காக்கும் காவலாளி அல்ல. அதன் கார வடிவம் ஃபீனாலின் புரோட்டானைத் தானே வாங்கிக்கொள்ளும். பிஎச் ஏறும்போது ஹைட்ரஜன் பாஸ்பேட்டின் பங்கும் ஏறுகிறது. அதனால் கூடும் வேகத்தைப் பிஎச் கணக்கில் எழுதிவிடுவோம். ருத்தேனியத்தோடு டைரோசினை (ஃபீனால் சுமந்த அமினோ அமிலம்) இணைத்த அணைவுகளைப் பற்றி இதே விஷயத்தில் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. தப்பிக்க வழி: ஒவ்வொரு பிஎச்-இலும் 10, 20, 50 மில்லிமோலார் என மூன்று தாங்கல் செறிவில் அளந்து, கோட்டைச் சுழியத்துக்கு நீட்டி அந்த எண்ணை எடுங்கள். வேலை மூன்று மடங்காகும். செய்யுங்கள், இதைச் செய்யாத பிஎச் வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

தாங்கலின் இன்னொரு தொல்லை, உலோகத்தைப் பிடித்துக்கொள்வது. சிட்ரேட்டும் பாஸ்பேட்டும் பெர்ரிக் அயனியை, சிட்ரேட்டும் அசிட்டேட்டும் தாமிரத்தைக் கட்டிப்போடும். போரேட்டு கேட்டகாலோடு (அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் உள்ள ஃபீனால்) வளையம் கட்டி அதன் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். ஹெப்பீஸ், பைப்ஸ் போன்ற பைப்பரசீன் வகைத் தாங்கல்கள் தாமே ஆக்சிஜனேற்றம் அடையும். சீரியம்(4)-இல் அமிலத்தின் பெயரே முக்கியம்: பெர்குளோரிக்கில் 1.70 வோல்ட், நைட்ரிக்கில் 1.61, கந்தக அமிலத்தில் 1.44. பிஎச் ஒன்றாக வைத்து அமிலத்தை மாற்றினாலே ஆக்சிஜனேற்றி வேறாகிவிடுகிறது.

மீதியைச் சுருக்கமாக: நைட்ரஜனை 20 நிமிடம் குமிழியிட்டுக் கரைந்த ஆக்சிஜனை விரட்டுங்கள், காரத்தில் கேட்டகால், ஹைட்ரோகுவினோன் இரண்டும் காற்றிலேயே கறுக்கும். பிஎச் 12-க்கு மேல் கண்ணாடி மின்முனை சோடியத்தைப் புரோட்டான் என்று எண்ணிக் குறைத்துக் காட்டும். அங்கே எரிசோடாவைத் தரம்பார்த்துக் கணக்கிட்ட எண்ணையே நம்புங்கள். வெப்பநிலை 25.0, கூடக் குறைய 0.1. காரைக்குடியின் சித்திரை, வைகாசியில் அறை 36 டிகிரிக்குப் போகும். கிளர்வு ஆற்றல் 50 கிலோஜூல் உள்ள வினை அங்கே 2 மடங்கு வேகத்தில் ஓடும். குவெட்டுத் தாங்கியில் சுற்றுத் தண்ணீர் இல்லாமல் தொடங்க வேண்டாம். மின்னழுத்தங்களை நீங்களே அளக்க விரும்பினால் நீங்கள் இருக்கும் ஊரே அதற்கு ஏற்றது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இங்கேயே இருக்கிறது. சுழற்சி வோல்ட்டாமெட்ரியை (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) செய்து பழகியவர்களை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை.

வாழைப்பூவுக்கு வருகிறேன். ஆம், அது இதே வேதியியல்தான், ஆனால் முழுவதும் அல்ல. பூவை ஆய்ந்து, கள்ளனை எடுத்து நறுக்கியதும் செல்கள் உடைந்து, அதுவரை பிரிந்திருந்த ஃபீனால்களும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் சந்திக்கின்றன. அந்த நொதியின் நடுவில் இரண்டு தாமிர அயனிகள், ஹிஸ்டிடின்கள் பிடித்த ஓர் உலோக அணைவு. காற்றின் ஆக்சிஜனை வாங்கி ஃபீனாலைக் குவினோனாக்குகிறது. குவினோன்கள் கோத்துக்கொண்டு பழுப்பாகின்றன. நொதிக்குப் பிடித்தது பிஎச் 5 முதல் 7 வரை. 4-க்குக் கீழே அது மிகவும் மந்தம். மோரின் பிஎச் 4.5-ஐ ஒட்டியது, ஆகவே மோர் வேகத்தைக் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. கூடவே மோரின் கேசின் புரதம் துவர்ப்பு டானினைப் பிடித்துக்கொள்கிறது. திரவத்தில் மூழ்கியிருப்பதால் காற்றும் குறைகிறது. புளித்த மோரில் பிஎச் இன்னும் குறைவு, அதனால்தான் அது புதுமோரைவிட நன்றாக வேலைசெய்கிறது. எலுமிச்சை பிழிந்த தண்ணீர் இன்னும் கீழே இறங்கும், அதிலுள்ள சிட்ரிக் அமிலம் தாமிரத்தையும் கட்டும்.

ஆனால் இரும்பு அரிவாள்மனையில் நறுக்கும்போது தோன்றும் நீலக் கறுப்பு வேறு விஷயம். அது ஆக்சிஜனேற்றமடைந்த ஃபீனால் அல்ல. பெர்ரிக் இரும்பும் டானினும் கட்டிய அணைவு. இரண்டையும் பிரித்தறிய ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு போதும். இரும்புக் கறுப்பு வெளுக்கும், ஏனென்றால் புரோட்டான் ஃபீனால் ஆக்சிஜனில் ஏறி இரும்பைக் கழற்றிவிடுகிறது. நொதிப் பழுப்பு அப்படியே நிற்கும். கோத்த கார்பன் பிணைப்புகளை அமிலம் அவிழ்க்காது.

கடுக்காய்–அன்னபேதி மை இதைவிட நல்ல பாடம். 10 கிராம் கடுக்காய்த் தோலை நொறுக்கி 100 மில்லிலிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 3 கிராம் அன்னபேதி (பெர்ரஸ் சல்பேட்டு, அதாவது இரும்பு(2)) கரையுங்கள். பச்சைப் படிகமாக, புதிதாக இருந்தால் கரைசல் வெளிறித்தான் இருக்கும்; எழுதிய பின் காற்றுப் பட்டுக் கறுக்கும். மேலே துரு மஞ்சள் படிந்த பழைய அன்னபேதியென்றால் அதில் பெர்ரிக் இருக்கிறது, புட்டியிலேயே கறுத்துப் படியும். இங்கே அமிலம் இரண்டு வேலை செய்கிறது. பெர்ரஸ் இரும்பு காற்றில் ஆக்சிஜனேற்றமாகும் வேகம் பிஎச் 5-க்கு மேல் ஹைட்ராக்சைடின் இருமடியில் போகிறது, அதாவது ஒரு அலகுக்கு 100 மடங்கு. அதனால் சிறிது அமிலம் புட்டியில் மையைக் காக்கிறது. மறுபக்கம், நடுநிலையில் இரண்டு மூன்று கேட்டகால் வகை ஈனிகள் சூழ்ந்த பெர்ரிக் இரும்பு மின்னழுத்தம் இறங்கி அமைதியாக இருக்கும். அமிலத்தில் ஒரே ஈனியோடு பச்சை அணைவாக நிற்கும் இரும்பு, தன்னைப் பிடித்த ஃபீனாலிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துப் பெர்ரஸாகிவிடும், ஃபீனால் குவினோனாகும். அமிலத்தால் ஃபீனால் பாதுகாக்கப்படும் என்ற பொதுப்போக்கை ஈனிகள் கழன்றதால் பலம் பெற்ற இரும்பு இங்கே முறியடிக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பது இந்த அளவுகோலின் மறுமுனை. சுண்ணாம்பு நீரின் பிஎச் 12.4; கடுக்காயின் ஃபீனால்கள் எல்லாம் ஃபீனாக்சைடுகளாகி, காற்றுக்கும் கலவையில் தவறி வந்த இரும்புத் துணுக்குகளுக்கும் இரையாகின்றன. ஒரு சோதனைக்குழாயில் கடுக்காய்ச் சாற்றோடு தெளிந்த சுண்ணாம்பு நீர் ஊற்றி ஆட்டாமல் வையுங்கள். நிறம் மேற்பரப்பில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்குவதைப் பார்க்கலாம், காற்று எங்கிருந்து நுழைகிறது என்று அது கையோடு காட்டிவிடும். வேறொரு குழாயில் நான்கு சொட்டு எலுமிச்சை சேர்த்த கடுக்காய்ச் சாறு மட்டும் வைத்தால், மாலைவரை பெரிதாக மாறாது.

கடைசியாக, கழிவுகள். பெர்ரிசயனைடுக் கழிவையும் அமிலக் கழிவையும் ஒரே குடத்தில் ஊற்றவே கூடாது. வலிய அமிலத்தில், அதிலும் சூடோ வெயிலோ பட்டால், ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அமிலத்தில் பெர்ரிசயனைடை அளப்பதென்றால் சிறு அளவில், புகைக்கூண்டுக்குள், முடிந்த உடனே காரமாக்கி வையுங்கள். குரோமியம்(6) புற்றுநோய் உண்டாக்குவது. பிஎச் 2–3-இல் பெர்ரஸ் சல்பேட்டு சேர்த்து ஆரஞ்சு போய்ப் பச்சையான பிறகு, பிஎச் 8–9-க்கு ஏற்றி வீழ்படிவாக்கி வடிகட்டுங்கள். ஃபீனால் தோலில் பட்டால் முதலில் எரிச்சல் தெரியாது, மரத்துப்போகும், அதனால்தான் ஆபத்து. உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, மருத்துவரிடம் போங்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் புட்டி வேலை தொடங்கும் முன்பே மேசைமேல் திறந்து இருக்க வேண்டும்.